எங்க மாமா ரிசீவர்

போன மாதம் பெங்களூரில் ஒரு மாலின் வாசலில் என் மகனை நிறுத்தி வைத்துவிட்டார்கள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான், தினமும் ஓசூரிலிருந்து பஸ்ஸில் போய் வருகிறவன். அவன் பையில் மிட்டாய் அடைத்து விற்கும் சின்னத் தகர டப்பா ஒன்று இருந்தது. டப்பாவுக்குள் ஒரு பென்சில் செல், செம்புக் கம்பி சுற்றிய கறுப்புக் குச்சி, கடுகும் மிளகும் போல இன்னும் சில சாமான்கள். அவனே செய்த ரேடியோ. சோதனை இயந்திரத்தின் திரையில் அது எப்படித் தெரிந்ததோ, காவலாளிகள் சூழ்ந்துகொண்டார்கள். வேடிக்கை பார்த்தவர்கள் போனில் படம் எடுத்தார்கள். எந்த ஊர் என்று கேட்டிருக்கிறார்கள். தமிழ்நாடு என்றதும் இன்னும் இரண்டு பேர் வந்திருக்கிறார்கள்.

அங்கிருந்தே எனக்குப் போன் செய்தான். அவர்களிடம் என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"ரிசீவர்னு சொன்னேம்மா. அது ரிசீவர்தானே?"

அந்த வார்த்தையை இனி யாரிடமும் சொல்லாதே என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அத்திப்பள்ளி நெரிசலில் ஆட்டோக்காரரைத் திட்டிக்கொண்டே போய்ச் சேர்ந்து, அந்த மாலின் அலுவலக அறையில் தமிழிலும் தெலுங்கிலும் தெரிந்த அளவு கன்னடத்திலும் கத்தினேன். விட்டுவிட்டார்கள். மேலாளர் காப்பி கூடக் கொடுத்தார். என் மகன் அந்த வாரமே அதை நண்பர்களிடம் சிரிப்புக் கதையாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம்தான் வருகிறது. அந்தக் காவலாளிகள் மேல் இல்லை. அவர்கள் பார்த்தது கம்பியும் செல்லும், பயந்தார்கள், கேட்டார்கள். என் கோபம் பழையது. நடுவில் அதை நான் சமையலிலும் வேலையிலும் பிள்ளை வளர்ப்பிலும் மூடி வைத்திருந்தேன். அந்த ஒரு வார்த்தை மூடியைத் தள்ளிவிட்டது.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. பாகலூர் ரோட்டில் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களோடு தங்கியிருந்தார். ஐ.டி.ஐ. முடித்து சிப்காட்டில் ஒரு கம்பெனியில் அப்ரண்டிஸாகச் சேர்ந்திருந்தார். டி.வி. பெட்டிக்குள் வைக்கும் பலகைகளைச் செய்து அனுப்பும் கம்பெனி அது. அதே கம்பெனியின் ஸ்டோரில் அப்பா வேலை பார்த்தார். மாமாவை உள்ளே நுழைத்தவரே அப்பாதான். அதைச் சோற்றில் ரசம் ஊற்றும்போதெல்லாம் நினைவுபடுத்துவார். மாமா தலையைக் குனிந்து சாப்பிடுவார். அப்பளம் மட்டும் கொஞ்சம் சத்தமாக நொறுங்கும்.

ஓசூரில் அந்நாளில் ஒரு ஆணைப் பற்றி முதலில் கேட்பது "பர்மனென்ட்டா?" என்றுதான். சாதி அதற்கு அடுத்தபடி. பெண் கொடுப்பது, வாடகைக்கு வீடு கொடுப்பது, மளிகையில் கடன் கொடுப்பது எல்லாம் அந்த ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தன. மாமா பர்மனென்ட் இல்லை. பயிற்சி முடிகிற சமயத்தில் கம்பெனியில் அப்ரண்டிஸ் பையன்கள் தாங்களே செய்த எதையாவது மேசை போட்டு வைப்பார்கள். பெரிய இன்ஜினியர் ஒவ்வொரு மேசையாகப் பார்த்துக்கொண்டு போவார். யாருடைய மேசையில் அதிக நேரம் நிற்கிறாரோ அவன் பர்மனென்ட் என்று பேச்சு. எல்லாரும் எமர்ஜென்சி விளக்கு, தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் அடிக்கும் மணி என்று செய்துகொண்டிருக்க, மாமா தீப்பெட்டிக்குள் ஒரு ரேடியோ வைக்கப் போவதாகச் சொன்னார். ஒரே ஒரு பென்சில் செல்லில் மாதக்கணக்கில் பாடும் ரேடியோ.

அம்மா கேட்டாள், தீப்பெட்டிக்குள்ள வெச்சா அடுப்பு எதுல பத்த வெக்கறது என்று.

மாமாவிடம் ஒரு பழைய ஆங்கிலப் பத்திரிகையின் கிழிந்த பக்கம் இருந்தது. அதில் படம் போட்டிருந்தார்கள். ஒரு சுருள், ஒரு கண்டன்சர், ஒரு செல், நடுவே மூன்று கால் வைத்த ஒரு சின்ன ஐசி. வானொலி அலையைப் பிடித்து, பிரித்து, பெருக்கித் தருகிற எல்லா வேலையையும் அந்த ஒரே ஐசி செய்துவிடும். மற்றது எல்லாம் ஓசூரிலேயே கிடைத்தது. அந்த மூன்று காலைத்தான் காணோம்.

முதலில் அப்பாவிடம் கேட்டார். ஸ்டோரிலிருந்து எடுத்துத் தரச் சொல்லவில்லை. இப்படி ஒன்று கண்ணில் பட்டிருக்கிறதா என்றுதான் கேட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தேன். அப்பா படத்தை வெளிச்சத்தில் பிடித்து, நம்பரை ஒருமுறை உதட்டுக்குள் படித்துப் பார்த்தார்.

"இந்த மாதிரி ஐட்டமே நம்ம கம்பெனிக்கு வர்றதில்லடா. நம்ம ஸ்டோர்ல இருக்கிற ஐசி ஒவ்வொண்ணும் எனக்குத் தெரியும். வெளியில பாரு. இருந்திருந்தாலும் தந்திருக்க மாட்டேன், அது வேற."

இதை நான் என் இரண்டு காதால் கேட்டேன். அப்படி ஒரு பேச்சு நடந்ததாகவே பிறகு வீட்டில் யாரும் காட்டிக்கொண்டதில்லை என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

அடுத்து ரேடியோ கடை பாய். பஸ் நிலையத்துக்குப் பின்னால் அவர் கடை. நாலு பக்கமும் வயிற்றைக் கிழித்த ரேடியோக்களும் டேப்ரிக்கார்டர்களும் கிடக்கும். மாமாவோடு நானும் போவேன், அங்கே காந்தத் துண்டு பொறுக்கலாம் என்பதால். மாமா கேட்டதைப் பாய் நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

"தம்பி, உனக்கு டிரான்சிஸ்டர் வேணுமா, டிரான்சிஸ்டருக்குள்ள இருக்கற டிரான்சிஸ்டர் வேணுமா?"

எங்கள் பக்கத்தில் கையடக்க ரேடியோ பெட்டிக்கே டிரான்சிஸ்டர் என்றுதான் பெயர். வயலுக்குப் போகிறவர்கள் தோளில் மாட்டிக்கொண்டு போவது டிரான்சிஸ்டர். அதற்குள் இருக்கும் சின்ன மூன்று கால் சாமானும் டிரான்சிஸ்டர். மாமா, இரண்டும் வேண்டாம், இது ஐசி என்றார்.

"ஐசின்னா மரவட்டை மாதிரி ரெண்டு பக்கமும் கால் இருக்கணும். மூணு காலை வெச்சுக்கிட்டு ஐசிங்கறியே. முக்காலியைக் கட்டில்னு சொல்ற கதையா இருக்குது."

சொல்லிவிட்டு டப்பாவில் துழாவி ஒரு மூன்று காலை எடுத்துக் கொடுத்தார். இதைப் போட்டுப் பார், பாடினால் ஐசி, பாடாவிட்டால் டிரான்சிஸ்டர் என்றார். அது பாடவில்லை. மாமா இன்னொரு கடைக்குப் போனார். அங்கே கொடுத்ததும் பாடவில்லை. கிருஷ்ணகிரி போய்க் கேட்டார். குருபரப்பள்ளியில் லாரிகளுக்கு டேப்ரிக்கார்டர் பொருத்தும் ஒருவர் பெங்களூரிலிருந்து சாமான் வாங்கி வைக்கிறார் என்று கேள்விப்பட்டு அங்கேயும் சைக்கிளைத் தூக்கி பஸ் மேல் போட்டுக்கொண்டு போனார். எல்லாரும் மூன்று காலைக் கொடுத்தார்கள். பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். கறுப்பு உடம்பு, ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் வளைவு. அதன் வயிற்றில் என்ன இருக்கிறது என்பதை அந்தப் பொடி எழுத்துதான் சொல்லும், அதைப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. இப்போது என் மகன் போனைத் தட்டினால் கூரியரில் வீடு தேடி வருகிறது. அதிலும் பாதி போலி என்கிறான். அது வேறு கதை.

கடைசியில் பாய்தான் மனம் இரங்கி, பெங்களூரில் மார்க்கெட் பக்கத்தில் எலக்ட்ரானிக்ஸ் சாமான் மட்டுமே விற்கும் தெருவைச் சொன்னார். அங்கே கிடைக்கவில்லை என்றால் அது இந்த உலகத்தில் இல்லை என்று எடுத்துக்கொள் என்றார்.

ஒரு சனிக்கிழமை மாமா என்னை லால்பாக் காட்டுவதாக அம்மாவிடம் சொல்லி அழைத்துக்கொண்டு போனார். லால்பாக்கை நான் கல்யாணத்துக்குப் பிறகுதான் பார்த்தேன். அன்று முழுக்க நான் பார்த்தது கதவளவே அகலமுள்ள கடைகள்தான். ஒவ்வொரு கடையின் முன்னாலும் மாமா கிழிந்த பக்கத்தை நீட்டுவார். உள்ளே இருப்பவர், என்ன வேண்டும் என்று கன்னடத்தில், "ஏனு பேக்கு?" என்பார். பிறகு "ஸ்டாக் இல்லா" என்பார். ஒருவர் மட்டும் "மூறு காலு ஐசினா?" என்று பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டுச் சிரித்தார். மாமா பாகலூர்க் கன்னடத்தில் பதிலுக்கு ஏதோ சொல்ல, அவர்கள் இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். எனக்குக் கால் வலித்தது. மாமா ஒரு மிளகாய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்து, காரத்தில் கால் வலி தெரியாது என்றார்.

மதியத்துக்கு மேல் ஒரு மாடிக் கடையில் கிடைத்தது. படி ஏணி போலச் செங்குத்தாக இருந்தது. மேலே ஒரு அம்மாள், பூ கட்டுகிற மாதிரி மடியில் முறத்தை வைத்துக்கொண்டு, பொடிச் சாமான்களை நிறம் பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தார். தெலுங்கு பேசினார். படத்தைப் பார்த்தார், எழுந்துபோனார், ஒரு மாவு டின்னைக் கொண்டுவந்து முறத்தில் கவிழ்த்தார். "ஏரிக்கோ" என்றார். பொறுக்கிக்கொள். மாமாவும் நானும் பொறுக்கினோம். என் கண் கூர்மையாக இருந்ததால் எழுத்தை நான் படித்தேன். மாமாவின் கூட்டாளிப் பையன்கள், அதே அப்ரண்டிஸ்கள், ஆளுக்கு ஒன்று சொல்லியிருந்தார்கள். இருந்ததையெல்லாம் மாமா எடுத்துக்கொண்டார். பத்துப் பன்னிரண்டு தேறும். முறத்திலிருந்து பொறுக்கியதற்கு யார் பில் கொடுப்பார்கள்? அந்த அம்மாள் ஒரு தெர்மாகோல் துண்டை உடைத்து, நாற்று நடுவது போல வரிசையாகக் குத்திக் கொடுத்தார். சட்டைப்பையில் வைத்தால் கால் வளைந்துவிடும் என்று மாமா அதை என் பென்சில் டப்பாவுக்குள் வைத்து, டப்பாவை என்னிடம் கொடுத்தார்.

பஸ்ஸில் நான் டிரான்சிஸ்டர் என்று சொல்லிவிட்டேன். மாமாவுக்கு முகம் சுருங்கியது.

"டிரான்சிஸ்டர் இல்ல கண்ணு. ஊரே அப்பிடித்தான் சொல்லி என்னை அலைய வெச்சுது. நீயாவது சரியாச் சொல்லு. அலையை வாங்கித் தர்றதால இது ரிசீவர்."

ரிசீவர், ரிசீவர் என்று ஜன்னல் கம்பியில் தாளம் போட்டுக்கொண்டு வந்தேன். மாமா சிரித்துக்கொண்டே வந்தார். அவர் அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை.

எல்லையைத் தாண்டியதும் பஸ்ஸை நிறுத்திப் போலீஸ்காரர் ஒருவர் ஏறினார். அந்தப் பக்கத்திலிருந்து சாராயப் பாக்கெட் கடத்துகிறார்கள் என்று எல்லா பஸ்ஸையும் குடைந்து பார்ப்பது வழக்கம். பைகளைத் தடவிக்கொண்டு வந்தவர் என் மடியில் இருந்த டப்பாவைப் பார்த்து, என்ன பாப்பா பள்ளிக்கூடம் இன்னைக்கு லீவாச்சே என்றார். விளையாட்டாகத்தான் திறந்தார். உள்ளே பென்சிலுக்குப் பதில் வரிசை வரிசையாகக் கறுப்பு மணிகள் நின்றுகொண்டிருந்தன.

"இது என்னா?"

"ரிசீவர்," என்றேன்.

"என்னாது?"

பெரியவர்களுக்கு விளங்கவில்லை என்றால் விரித்துச் சொல்ல வேண்டும் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். விரலால் மாமாவைக் காட்டி விரித்துச் சொன்னேன்.

"எங்க மாமா ரிசீவர்."

எங்க மாமாவோட ரிசீவர் என்று சொல்ல வந்ததில் ஒரு 'ஓட' விழுந்துவிட்டது. அவ்வளவுதான் நான் செய்தது.

போலீஸ் பேச்சில் ரிசீவர் என்றால் திருட்டுப் பொருள் வாங்குகிறவன். எனக்கு அது எப்படித் தெரியும்? மாமாவுக்கே தெரியாது. அந்தச் சமயத்தில் சிப்காட்டில் கம்பெனிகளிலிருந்து செம்புக் கம்பியும் சாமான்களும் காணாமல் போய்க்கொண்டிருந்தன. திருடியவனை விடு, ரிசீவரைப் பிடி என்று மேலிடத்தில் நெருக்கியிருந்தார்கள். ஒரு குழந்தை ரிசீவரைக் கைகாட்டிக் கொடுத்தால் எந்தப் போலீஸ்காரர் விடுவார்? திருட்டுச் சாமான் ஓசூரிலிருந்து பெங்களூருக்குப் போகுமே தவிர, பெங்களூரிலிருந்து பென்சில் டப்பாவில் உட்கார்ந்து ஓசூருக்குத் திரும்பி வராது என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

எங்களை இறக்கி, தகரக் கொட்டகையில் உட்கார வைத்தார்கள். எஸ்.ஐ. வந்தார். என்னைப் பார்த்து நல்லபடியாகத்தான் பேசினார், ஒரு பிஸ்கட் பாக்கெட் வரவழைத்தார். மாமாவிடம் அவர் நல்லபடியாகப் பேசவில்லை. மாமா கிழிந்த பக்கத்தைக் காட்டி, ரேடியோ சார், பாட்டுக் கேக்கறது சார் என்று சொல்லச் சொல்ல, பில் எங்கடா என்பதையே அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். எந்தக் கம்பெனி என்று கேட்டதும் மாமா சொன்னார். அங்கேதான் எஸ்.ஐ.க்கு எல்லாம் பொருந்திவிட்டது. கம்பெனிக்குப் போன் போட்டு, இங்கே கொஞ்சம் பொருள் பிடித்து வைத்திருக்கிறோம், உங்களுடையதா என்று அடையாளம் சொல்ல ஸ்டோரிலிருந்து ஒரு ஆளை அனுப்புங்கள் என்றார்.

கம்பெனி ஜீப்பில் அப்பா வந்து இறங்கினார்.

மாமா எழுந்து நின்றார். அதுவரை அவர் முகத்தில் இருந்த பயம் அத்தனையும் வடிந்துவிட்டது. "நம்ம மச்சான்தான் சார்," என்றார், போலீஸ்காரர்களுக்கே ஆறுதல் சொல்கிற மாதிரி. நான் ஓடிப்போய் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். எஸ்.ஐ. எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பாப்பா யாரு?"

"என் பொண்ணுங்க."

"அப்ப இவன்?"

அப்பா என் கையைச் சட்டையிலிருந்து விடுவித்தார். "மச்சினன்ங்க."

எஸ்.ஐ. நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "அது சரி. ஸ்டோருக்கு உள்ள மச்சான், வெளியில மச்சினன். நடுவுல பென்சில் டப்பா. நல்ல குடும்பம்யா." கொட்டகையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். ஜீப் டிரைவரும் சிரித்தார். நானும் சிரித்தேன், எல்லாரும் சிரித்ததால்.

பிறகு அவர் தெர்மாகோலை மேசையில் தள்ளினார். "பாத்துச் சொல்லுங்க. உங்க கம்பெனி பொருளா?"

அப்பா ஒன்றைப் பிடுங்கிக் கையில் எடுத்தார். கட்டைவிரலால் தேய்த்து எழுத்தைப் படித்தார். உதடு அசைந்ததை நான் பார்த்தேன். அன்று வீட்டில் படித்த அதே நம்பர். இது எங்கள் கம்பெனிக்கு வருவதே இல்லை என்று ஒரு வாக்கியம். அதைச் சொல்ல அந்த ஊரிலேயே தகுதியுள்ள ஒரே ஆள் அவர். அதற்காகத்தான் கம்பெனி அவரை ஜீப் வைத்து அனுப்பியிருந்தது.

"கேட்டுத்தாங்க சொல்லணும்," என்றார்.

"யாரைய்யா கேக்கணும்? நீதான ஸ்டோரு?"

"மேல ஒரு வார்த்தை கேட்டுட்டு சொல்லிடறேங்க."

மாமாவுக்கு அது சரியாகக் காதில் விழவில்லை போலிருந்தது. அருகே வந்தார். "மச்சான், அன்னைக்கு நீங்கதான சொன்னீங்க, நம்ம ஸ்டோர்லயே இது கிடையாதுன்னு. அதையே சொல்லுங்க மச்சான். போதும்."

அப்பா அவரைப் பார்க்காமல் கையில் இருந்ததைத் திரும்பத் தெர்மாகோலில் குத்தினார். அதே ஓட்டையில் சரியாகக் குத்துவதற்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

"கேட்டுட்டு சொல்றேன்டா," என்றார். என் கையைப் பிடித்து ஜீப்புக்கு அழைத்துப் போனார்.

அவருடைய பயம் எனக்குப் புரியாமல் இல்லை. எங்கள் பொருள் இல்லை என்று சொன்னால், மச்சினனுக்காகச் சொல்கிறான் என்பார்கள். காணாமல் போன செம்புக் கம்பிக்கும் இவன்தான் என்பார்கள். பர்மனென்ட் வேலை, வாடகை வீடு, ஒரு பெண் குழந்தை. இதையெல்லாம் நான் ஒரு தாயாகவும் சம்பளக்காரியாகவும் எண்ணிப் பார்த்துவிட்டேன். எண்ணிப் பார்த்த பிறகும் கோபம் ஒரு இம்மி குறையவில்லை. ஏனென்றால் பயந்ததோடு அவர் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா, என் தம்பி எங்கே என்று பதறியபோது, அவர் செருப்பைக் கழற்றுவதற்கு முன் சொன்ன முதல் வாக்கியம் இது: "எல்லாம் இவளாலதான். போலீஸ்காரன் கேட்டதும் ரிசீவர்னு சொல்லிட்டா."

அன்றிலிருந்து அதுதான் கதை. கம்பெனி புகார் எதுவும் தராததால் மாமாவை இரண்டு நாள் கழித்து விட்டுவிட்டார்கள். ஆனால் கம்பெனி கேட்டில் அவரை உள்ளே விடவில்லை. நடத்தை சரியில்லை என்றார்கள். மேசை போட்ட நாளில் மாமாவுக்கு மேசை இல்லை. ஐசிகளும் திரும்பி வரவில்லை. அவர் ஊர்ப்பக்கம் சாமல்பட்டிக்குப் போய், பிறகு ஊத்தங்கரையில் உரக்கடை வைத்து, கல்யாணம் செய்து, நன்றாகத்தான் இருக்கிறார். நன்றாகத்தான் இருக்கிறார் என்பதை எங்கள் வீட்டில் எல்லாரும் அவசரமாகச் சொல்வார்கள். ஒவ்வொரு கல்யாணப் பந்தியிலும் யாராவது ஒரு அத்தை என்னைக் காட்டி, ஒரே வார்த்தையில மாமனை உள்ள தள்ளுனவ இவதான் என்று புதுச் சம்பந்திகளுக்குச் சொல்லிச் சிரிப்பாள். நானும் சிரித்து வந்தேன். மாமாவும் உட்கார்ந்திருப்பார். அவர் ஒருமுறை கூட அப்பாவைப் பற்றி வாய் திறந்ததில்லை. வீட்டுக்கு ரேடியோ வாங்கியதும் இல்லை.

மகனை மீட்டுக்கொண்டு வந்த அன்று சாயங்காலம், எங்களோடு இருக்கும் அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"அவனை வாயை மூடிக்கிட்டு இருக்கச் சொல்லு. உனக்கும் அன்னைக்கு அந்த வாய்தான்."

"நீங்க கேட்டீங்களாப்பா?" என்றேன்.

"எதை?"

"மேல கேட்டுட்டு சொல்றேன்னீங்களே. கேட்டீங்களா?"

அவருக்கு எண்பதை நெருங்குகிறது. மறந்திருக்கலாம். ஆனால் மறந்தவர் ரிமோட்டைத் தேடமாட்டார், அது அவர் கையிலேயே இருக்கும்போது.

மாமா பெட்டி எடுக்க வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்பா வேலைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து வந்தார். அம்மா அவருக்குச் சோறு போட்டாள். மாமா சாப்பிட்டுவிட்டுத் தகரப் பெட்டியில் துணிகளை அடுக்கினார். சால்டரிங் அயர்னை எடுத்து, ஒயரைச் சுற்றி, யோசித்து, பரண் மேலேயே வைத்துவிட்டார்.

எனக்கு அவர் ஏன் அவசரப்படுகிறார் என்று விளங்கவில்லை. அந்த இரண்டு மூன்று நாட்களும் நான் அப்பாவிடம் தினமும் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்டீங்களாப்பா? நாளைக்குக் கேக்கறேன் கண்ணு. மறுநாள், கேட்டீங்களாப்பா? அந்த சார் லீவு கண்ணு. எங்கள் பள்ளியிலும் பெரிய டீச்சர் அடிக்கடி லீவு போடுவார், அதனால் அது எனக்கு நியாயமாகவே பட்டது. எங்கோ மேலே ஒரு அறையில், அந்த மூன்று கால் ஐசியைப் பார்த்ததும் சொல்லிவிடக்கூடிய ஒருவர் இருக்கிறார். அவர் லீவு முடிந்து வந்துவிடுவார். அப்பா கேட்பார். ஜீப் மறுபடி போகும். கேட்டுச் சொல்கிறேன் என்று ஒரு பெரியவர் சொல்லிவிட்டால் கேட்பதும் சொல்வதும் இனி நடக்கப் போகிறவை என்றே நினைத்திருந்தேன்.

மாமா பெட்டியைப் பூட்டித் தோளில் வைத்தார். நான் வாசலை மறித்து நின்று சொன்னேன்.

"கொஞ்ச நாள் இருந்து பாருங்க மாமா. அப்பா இன்னும் கேக்கல. கேட்டதும் சொல்லிடுவாரு."

மாமா பெட்டியோடு அப்படியே நின்றார். பிறகு சிரித்தார். பஸ்ஸில் சிரித்த சிரிப்பு இல்லை. உள்ளே அம்மா தட்டைக் கழுவுவதை நிறுத்தியது கேட்டது. நான் சரியாகத்தானே சொன்னேன், இதில் என்ன சிரிப்பு என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.